வாடலும் அழுகலும்

மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கிறவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரையும் குடிக்க அழைப்பது என் நோக்கமல்ல. எனக்கே அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் இத்தாலி தேசத்தில் ஒரு வகை மதுவைச் செய்கிற முறையைத் தெரிந்துகொண்டபோது, வெகு காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு அதில் ஏதோ விடை இருப்பதாகப் பட்டது. கேள்வி இதுதான்: துன்பம் மனிதனை உயர்த்துகிறது என்று சொல்லுகிறார்களே, அது வாஸ்தவமா?

வாஸ்தவம் என்று சாதிக்க நம்மிடம் உவமைகளுக்குப் பஞ்சமில்லை. பொன்னைத் தீயில் இடுகிறோம். சந்தனத்தைக் கல்லில் அரைக்கிறோம். சங்கைச் சுடுகிறோம். பொன்னும் சந்தனமும் சங்கும் வாய் திறந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்ற தைரியம் நமக்கு. இந்த வரிசையில் திராட்சையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதல் பார்வைக்குத் தோன்றும். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் திராட்சை வேறு சமாசாரம் சொல்லுகிறது.

வடக்கு இத்தாலியில் வெரோனா நகரத்துக்கு வடமேற்கே, மலையடிவாரத்துக் குன்றுகளில் வால்போலிச்செல்லா என்று ஒரு பிரதேசம். ரோமியோவும் ஜூலியட்டும் காதலித்து மாண்டதாக ஷேக்ஸ்பியர் எழுதினாரே, அந்த வெரோனாதான். அங்கே கொர்வினா, கொர்வினோனே, ரொண்டினெல்லா என்று சில ஜாதிக் கருந்திராட்சைகள் விளைகின்றன. பழத்தைப் பறித்தவுடன் பிழிந்து நொதிக்க விடுவதுதான் உலகமெங்கும் உள்ள வழக்கம். அந்த ஊராரும் தங்கள் அன்றாட மதுவுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த மதுவுக்கு முறை வேறு. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பறித்த குலைகளைப் பரணில் கொண்டுபோய்க் கிடத்திவிடுகிறார்கள். 100 நாள், 120 நாள் அவை அங்கே கிடக்கின்றன. வெயில் கிடையாது, நிழலில், ஜன்னல் வழியாக வருகிற காற்றில் வாடுகின்றன. டிசம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் பிழியக் கூடாது என்று விதியே இருக்கிறது. பெரும்பாலும் ஜனவரி பிறந்த பிறகுதான் பிழிகிறார்கள். அதற்குள் பழம் சுருங்கி, தோல் மடிந்து, பாட்டியின் கன்னம்போல் ஆகிவிடுகிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், காற்றோடு போய்விடும். சாதாரணமாக 100 கிலோ திராட்சையிலிருந்து ஏறத்தாழ 70 லிட்டர் மது கிடைக்கும் என்றால், இப்படி வாட வைத்ததிலிருந்து 40 லிட்டர் கிடைத்தால் அதிகம். கிடைப்பது கறுத்தது, கெட்டியானது, மணம் மிகுந்தது. விலையும் அதற்கேற்றபடி.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட கோத்திய அரசர்களின் சபையில் மிகப் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் காசியோதோரஸ். வெரோனாப் பக்கத்தில் வாட வைத்த திராட்சையில் செய்கிற மதுவை அரசர் பந்திக்காக வாங்கி அனுப்பச் சொல்லி, தமக்குக் கீழிருந்த அதிகாரிக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பழத்தை எப்படித் தொங்கவிடுகிறார்கள், குளிர்காலம்வரை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்றெல்லாம் அதில் ரசித்து ரசித்து வர்ணித்திருக்கிறார். நம் காலத்து அரசாங்கக் கடிதங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இதுவே ஓர் அதிசயம்.

வெகு காலம் இந்த மது இனிப்பாகத்தான் இருந்தது. ரெச்சியோத்தோ என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சில் ‘ரெச்சியா’ என்றால் காது. குலையின் மேற்புறத்தில் இரண்டு பக்கமும் காதுபோல் பிரிந்து நிற்கிற பகுதியில் வெயில் நன்றாகப் படும். அதை மட்டும் வெட்டி எடுத்து உலர்த்தியதால் இந்தப் பெயர் என்கிறார்கள். ஜனவரிக் குளிரில், சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்கள் சோம்பிப் போய் நடுவில் வேலையை நிறுத்திவிடும். தின்னாமல் விட்ட சர்க்கரைதான் அந்த இனிப்பு. எப்போதாவது ஒரு பீப்பாயில் அவை ஓயாமல் கடைசிவரை தின்று தீர்த்துவிட்டால், இனிப்புப் போய் மது கசந்துவிடும். அப்படிக் கசந்ததைக் கைதவறிப் போன சரக்காகவே மதித்தார்கள். 1936-இல், நெக்ரார் என்ற ஊரின் கூட்டுறவு மதுச்சாலையில், மறந்துபோன ஒரு பீப்பாயைத் திறந்து சுவைத்த நிலவறைத் தலைவர், இது வெறும் கசப்பு இல்லை, பெருங்கசப்பு என்று சந்தோஷத்தில் கூவினார் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். அவர்கள் மொழியில் கசப்பு ‘அமரோ’, பெருங்கசப்பு ‘அமரோனே’. கதை எவ்வளவு நிஜமோ, பெயர் நிலைத்துவிட்டது. 1968-இல் இந்த மதுக்களுக்கு அரசாங்க அங்கீகாரம் வந்தபோதுகூட அமரோனேயை ரெச்சியோத்தோவில் ஒரு வகை என்றுதான் எழுதினார்கள். 1990 வாக்கில்தான் அதற்குத் தனி அந்தஸ்து கிடைத்தது. இன்று மகளின் கீர்த்தியில் தாயின் பெயர் மறைந்துபோய்விட்டது.

இந்த இடத்தில்தான் நீதி சொல்லுகிறவர்கள் கையைத் தட்டிக்கொண்டு வருவார்கள். ‘பார்த்தீர்களா? இழக்க இழக்கச் சாரம் கூடுகிறது. கசப்பே பெருமை ஆகிறது’ என்பார்கள். நானும் அந்தப் பரண்களில் ஒன்றை நேரில் பார்க்காமல் இருந்திருந்தால், இந்த வாக்கியத்தோடு கட்டுரையை முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி சாப்பிட்டிருக்கலாம்.

ஒரு நவம்பர் மாதத்தில் அது வாய்த்தது. நீளமான மேல்மாடி. தரையிலிருந்து உத்தரம்வரை நாணல் தட்டிகளை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். முன்காலத்தில் இதே மாதிரித் தட்டிகளில் வசந்தத்தில் பட்டுப்புழு வளர்ப்பார்களாம். புழு போன பிறகு திராட்சை வரும். இப்போது பெரும்பாலும் ஆழமில்லாத பிளாஸ்டிக் பெட்டிகளும் மின்விசிறிகளும் ஈரம் உறிஞ்சுகிற யந்திரங்களும் வந்துவிட்டன. இந்த வீட்டில் ஒரு பகுதியை மட்டும் பழைய முறைப்படி வைத்திருந்தார்கள். அதைக் காப்பவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். தட்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். பழங்களை அவர் பார்க்கவே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மோந்துகொண்டு போனார். ஓரிடத்தில் நின்று, சின்னக் கத்தரிக்கோலால் ஒரு பழத்தை வெட்டி எடுத்தார். அதில் நகக்கண் அளவு பூசணம். அதோடு விடாமல், அதைத் தொட்டுக்கொண்டிருந்த மூன்று நல்ல பழங்களையும் வெட்டிக் கூடையில் போட்டார்.

கூட வந்த நண்பர் மொழிபெயர்த்தார். “ஐயா, காற்றில் தானாக உலருகிற பழந்தானே? தாங்கள் இங்கே இவ்வளவு சிரமப்படுவானேன்?” என்று கேட்டேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தானாக அழுகும். தானாக உலராது” என்றார்.

பிறகு அவராகவே விவரித்தார். மலைப்பக்கத்திலிருந்து வறண்ட காற்று வந்தால் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். சமவெளியிலிருந்து மூடுபனி ஏறினால் ஓடிப்போய்ச் சாத்த வேண்டும். குலைகளை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று படக் கூடாது. இதற்கெல்லாம் முன்னால் பறிக்கும்போதே பொறுக்க வேண்டும். பழங்கள் நெருங்கிக் கிடக்காமல், இடையில் காற்றுப் போகிற மாதிரித் தளர்ந்த குலைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆலங்கட்டியில் அடிபட்டது, குளவி கொட்டியது, தோல் வெடித்தது, எதுவும் பரணுக்கு ஏறக் கூடாது. அவருடைய தகப்பனார் காலத்தில் ஓர் இலையுதிர் காலம் முழுதும் விடாமல் ஈரம் அடித்ததாம். தகப்பனார் இராத்திரியெல்லாம் லாந்தரோடு பரணில் அலைந்தும் பாதிக்கு மேல் போய்விட்டது. அள்ளிக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினார்களாம். “அந்த வருஷத்துப் பழம் நல்ல பழம். இதைவிட நல்ல பழம்” என்று அவர் சொன்னதை நண்பர் இரண்டு தடவை மொழிபெயர்த்தார்.

அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. ஒரே கொடி, ஒரே மாதம், ஒரே இழப்பு. ஒரு வருஷம் அமரோனே. மறு வருஷம் குழி. வாடுதல் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்போது, மகிமையை வாடுதலின்மேல் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேரும்?

துன்பத்தைப் புகழுகிறவர்கள் சொல்லுவது முழுப் பொய் என்றும் நான் நினைக்கவில்லை. பரணில் நடப்பது வெறும் தண்ணீர்க் குறைவு மட்டுமல்ல. கொடியிலிருந்து வெட்டிய பழம் செத்துப்போய்விடுவதில்லையாம். அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்கிறது. வெரோனாப் பல்கலைக்கழகத்தில் கொர்வினாப் பழத்தை ஆராய்ந்தவர்கள், கொடியில் இருந்தபோது ஓய்ந்திருந்த சில ஜீன்கள் பரணில் விழித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். புளிப்புக் குறைகிறது. புதிய மணங்கள் பிறக்கின்றன. தன்னைத் தற்காத்துக்கொள்ள ரெஸ்வெரட்ரால் போன்ற பொருள்களைப் பழம் அதிகமாகச் சேர்த்துக்கொள்ளுகிறது. கொடியிலேயே இருந்திருந்தால் வந்திராத சில குணங்கள் இந்த வாட்டத்தில் வருவது உண்மை. ஆனால் அந்த வேலையைச் செய்ய உயிரோடு இருக்க வேண்டுமே! பூசணம் பிடித்த பழத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மனிதர்களிலும் வெரோனாவுக்கு ஓர் உதாரணம் உண்டு. 1302-இல் பிளாரன்ஸ் நகரத்துக் கட்சிச் சண்டையில் தோற்றவர்கள் நூற்றுக்கணக்கில் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தாந்தே. சொத்துப் போயிற்று, ஊருக்குள் கால் வைத்தால் உயிரோடு கொளுத்துவது என்று தீர்ப்பு. திரும்பாமலே 1321-இல் ராவென்னாவில் இறந்துபோனார். அந்த வருஷங்களில்தான் ‘தெய்வீக நாடகம்’ பிறந்தது. நாடு கடத்தினதால்தான் காவியம் கிடைத்தது என்று சொல்லுவது இலக்கிய சரித்திரம் எழுதுகிறவர்களுக்குப் பிடித்தமான வாக்கியம். அப்படியானால் கூடவே துரத்தப்பட்ட மற்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களும் அதே வீட்டையும் அதே நிலத்தையும் இழந்தவர்கள்தாமே? பெரும்பாலோர் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. தாந்தேக்கு, அவருடைய மேதையைத் தவிர, வெரோனாவில் ஸ்காலா வம்சத்துப் பிரபுக்களின் கூரை இருந்தது. காவியத்தின் சுவர்க்கப் பகுதியில் கான்கிராந்தே பிரபுவை நன்றியோடு புகழ்ந்திருக்கிறார். அதே இடத்தில், பிறர் வீட்டை அண்டிப் பிழைப்பதன் வேதனையையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வேதனை தமக்கு நல்லதாயிற்று என்று அவர் எங்கும் மார்தட்டவில்லை. அதைச் சொன்னதெல்லாம் பின்னால் வந்த நாம்தான். அவருடைய மகன் பியேத்ரோ 1353-இல் வால்போலிச்செல்லாவிலேயே நிலம் வாங்கினார். அந்தக் குடும்பத்தின் பெயரில் இன்றைக்கும் அங்கே அமரோனே தயாராகிறது என்பது கொசுறுச் செய்தி.

இதையெல்லாம் நான் இத்தனை தூரம் யோசிக்கக் காரணம் ஒரு வாசகியின் கடிதம். தம் அக்காவைப் பற்றி எழுதியிருந்தார். அக்காவுக்கு இருபத்தாறு வயதில் கணவர் காலமாகிவிட்டார். இரண்டு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் குழந்தைகளையும் அவர்தான் வளர்த்தார். மாமியார் படுக்கையில் கிடந்தபோது போய்ப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பங்கரையில் விளக்கு எரியும். உறவினர் எல்லோரும் ஒரே வாய்ப்பாடாக, ‘கஷ்டம் அவளைத் தங்கமாக்கிவிட்டது’ என்கிறார்களாம். வாசகி கேட்டிருந்தார்: ‘உங்களைப் போன்றவர்கள் கதைகளிலும் கதாநாயகிகள் கஷ்டப்பட்டுக் கஷ்டப்பட்டுத்தான் தங்கமாகிறார்கள். ஆனால் என் அக்கா முன்பே தங்கந்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது சிரிக்கவும் சிரிப்பாள்.’

கதை எழுதுகிறவர்களுக்குத் துன்பந்தான் கைமுதல் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். சுகமாக இருக்கிற பெண்ணைப் பற்றி 300 பக்கம் எழுதினால் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார், வாசகர்களும் தூங்கிவிடுவார்கள். கதையில் ஒருத்தி வாடினால், 40-ஆவது அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு பிரகாசம் வந்தே தீரும். அது கதையின் தர்மம். அந்தப் பரணில் காற்றையும் ஜன்னலையும் பார்த்துக்கொள்ள ஆசிரியன் இருக்கிறான். அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பரண் காப்பவரின் கருணையைப் பற்றி இவ்வளவு சொன்னேனே, அவர் திராட்சையின் நன்மைக்காகவா ஜன்னலைத் திறந்து மூடுகிறார்? ஜனவரியில் பிழிவதற்காகத்தான். பழத்தில் ஊறிய சாரம் பழத்துக்கு உபயோகப்படப் போவதில்லை. அல்ப்ஸ் மலைப் பக்கம் வல்தெல்லினாப் பள்ளத்தாக்கில் நெபியோலோ என்ற திராட்சையை இப்படியே வாட வைத்துச் செய்கிற மதுவுக்கு ஸ்போர்சாத்தோ என்று பெயர். ‘வற்புறுத்தப்பட்டது’ என்று பொருள். பெயர் வைத்தவன் யாரோ, மனச்சாட்சி உள்ளவன்.

பிழிந்ததோடும் விடுவதில்லை. அமரோனே எடுத்த பிறகு மிஞ்சுகிற தோலும் சக்கையும் கிடக்கின்றனவே, அவற்றின்மேல் அவ்வருஷத்துச் சாதாரண மதுவை ஊற்றிச் சில நாள் ஊற வைக்கிறார்கள். மிச்சம் மீதி இருக்கிற சர்க்கரையும் நிறமும் மணமும் அதில் இறங்கி, மெலிந்த மதுவுக்கு ஒரு புஷ்டி வந்துவிடுகிறது. ரிபாஸ்ஸோ என்கிறார்கள், மறுபடி கடத்துவது என்று அர்த்தம். அதற்கும் பிறகு சக்கையைக் காய்ச்சி வடித்து கிராப்பா என்ற சாராயம் எடுக்கிறவர்கள் உண்டு. நல்ல சிக்கனம் என்று நான் அதை மெச்சிக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் அந்தச் சக்கைத் தொட்டியின் பக்கத்தில் நின்றபோது, தன் குழந்தைகளை வளர்த்து முடித்து, அண்ணன் குழந்தைகளை வளர்த்து முடித்து, இப்போது பேரன் பேத்திகளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் பெண்கள் சிலர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். குடும்பத்தில் யாருக்கு இரத்தம் சுண்டினாலும் அவர்கள்மேல் ஊற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று வீடு பழகிவிடுகிறது.

‘கஷ்டம் அவளைத் தங்கமாக்கிவிட்டது’ என்று யாராவது சொன்னால், சொல்லுகிறவர் கையில் எந்தக் கிண்ணம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது எனக்கு. அநேகமாக அவள் சமையலைச் சாப்பிட்டவராக இருப்பார். அவள் கண் விழித்ததால் தாம் தூங்கினவராக இருப்பார். புகழ்ச்சி பொய் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மனமாரத்தான் புகழுகிறார்கள். அமரோனேயை ருசித்துக் கண்ணை மூடுகிறவனும் மனமாரத்தான் மூடுகிறான். திராட்சைக்கு நெஞ்சு கிடையாது. அதனால் அங்கே குற்றமில்லை. அக்காவுக்கு இருக்கிறது.

பெரியவர் அன்று எனக்கும் ஒரு சிறு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். மரியாதைக்காக ஒரு மடக்கு வாயில் வைத்தேன். முதலில் உலர்ந்த அத்திப்பழம் போலவும் சுட்ட வெல்லம் போலவும் இருந்தது; கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு நின்றது. நெடுநேரம் நின்றது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது, நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். அவர் தமக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. வைத்தியர் கூடாதென்று சொல்லிவிட்டாராம்.

வாசகிக்குத் தத்துவம் ஒன்றும் எழுத எனக்குக் கை வரவில்லை. அக்காவுக்கு என்ன வேண்டும் என்று எப்போதாவது அவரையே கேட்டிருக்கிறீர்களா என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கேட்டாராம். அக்கா முதலில், ‘எனக்கு என்ன வேண்டியிருக்கிறது?’ என்று சொல்லிவிட்டு, அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாராம். மறுநாள் சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்தில், தங்கை மறந்தே போன பிறகு, பக்கத்தில் வந்து நின்று, ‘ஒரு நாளாவது காலையில் ஏழு மணிவரை தூங்க வேண்டும்’ என்றாராம்.